கத்தரியின் பத்து மரபணுக்கள்: ஒரு நொதிக் குடும்பத்தைக் கணக்கெடுப்பது எப்படி, எதற்காக?

கத்தரிக்காயை நறுக்கிய சில நிமிடங்களில் அதன் வெள்ளைச் சதை பழுப்பேறத் தொடங்குவதற்குப் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியே காரணம் என்பது உயிர்வேதியியலாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. ஆனால் கத்தரிச்செடி அந்த நொதியை ஒரே மரபணுவிலிருந்து உருவாக்குகிறதா, பல மரபணுக்களிலிருந்தா, பல என்றால் எது காயில் வேலை செய்கிறது, எது இலையில், எது வேரில் என்ற கேள்விகளுக்கு விடை காண, செடியின் மரபணுத்தொகுதி முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேடிப் பார்க்கும் வசதி வர வேண்டியிருந்தது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் 2011இல் கத்தரியில் இந்த நொதிக்குரிய ஆறு மரபணுக்களைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள். 2020இல் இத்தாலியின் தூரின் பல்கலைக்கழகத்தையும் ஸ்பெயினின் வலேன்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள், முழுமையாகத் தொகுக்கப்பட்ட கத்தரி மரபணுத்தொகுதியைத் துழாவி, அவை பத்து என்று வெளியிட்டார்கள். அந்தப் பத்தில் மூன்றை மட்டும் செயலிழக்கச் செய்தபோது நறுக்கிய காய் கறுப்பது குறைந்தது. ஆறு பத்தானது எப்படி, பத்தில் மூன்று தேர்வானது எதனால் என்று பார்த்தால், தாவர மரபணுக் குடும்ப ஆய்வு என்னும் துறையின் வலிமையும் பலவீனமும் ஒருங்கே விளங்கும்.

முதலில் நொதியின் வேலை. கத்தரிச் சதையில் உள்ள ஃபீனால் சேர்மங்களில் பெரும்பங்கு குளோரோஜெனிக் அமிலம். அது செல்லுக்குள் வாக்குவோல் எனப்படும் சாற்றுப்பையில் அடைபட்டிருக்கிறது. நொதியோ பெரும்பாலும் பசுங்கணிகம் போன்ற கணிகங்களுக்குள் இருக்கிறது. செல் முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. கத்தி பட்டுச் சுவர்கள் உடைந்ததும் இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு ஃபீனால்கள் குவினோன்களாக மாறுகின்றன. குவினோன்கள் ஒன்றோடொன்றும் புரதங்களோடும் பிணைந்து பழுப்பு நிறமிகளாகத் திரள்கின்றன. நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் போடுவது ஆக்சிஜனைக் குறைக்கிறது. வாழைப்பூவை மோர்த் தண்ணீரில் போடுவது, அதோடு அமிலத்தன்மையைக் கூட்டி நொதியையும் மந்தப்படுத்துகிறது. இரும்பு அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கும்போது கூடுதலாக ஏறும் கறை வேறு வகை; அது இரும்பும் ஃபீனால்களும் சேர்வதால் வருவது, நொதிக்கு அதில் பங்கில்லை.

பழுப்பேறுவதைத் தடுக்க ஃபீனால்களையே குறைத்துவிடலாமே என்று தோன்றலாம். கத்தரி வளர்ப்பு வல்லுநர்களின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது: குளோரோஜெனிக் அமிலம் உடலுக்கு நல்லதெனக் கருதப்படும் எதிர் ஆக்சிஜனேற்றப் பொருள், அது மிகுந்த வகைகளைத் தேர்ந்து வளர்த்தால் காயின் சத்து மதிப்பு கூடும், ஆனால் வெட்டியதும் கறுப்பதும் கூடும். அமிலத்தைக் காத்துக்கொண்டு நிறமாற்றத்தை மட்டும் தடுக்க வேண்டுமானால் நொதியைத்தான் தொட வேண்டும். நொதியைத் தொடுவதற்கு அதன் மரபணுக்கள் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும்.

அவற்றைக் கண்டறியும் முறை கொள்கையளவில் எளியது. பாலிஃபீனால் ஆக்சிடேஸின் வினைமையத்தில் இரண்டு செம்பு அணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மூன்று இடங்களிலிருந்து பற்றியிருக்கிறது. இந்த ஆறு ஹிஸ்டிடின்களும் அவற்றைச் சூழ்ந்த வரிசையும் மாஸ் எனப்படும் பாசியினத் தாவரத்திலிருந்து ஆப்பிள் வரை பெரிதாக மாறவில்லை. மாறினால் செம்பு நிற்காது, நொதி வேலை செய்யாது. (மனிதத் தோலில் மெலனின் நிறமியை உருவாக்கும் டைரோசினேஸும் இதே செம்பு அமைப்பைக் கொண்ட தூரத்து உறவுதான்.) தாவர நொதியில் இந்தச் செம்புப் பகுதிக்குப் பின்னால், தாவரங்களுக்கே உரிய இரண்டு புரதப் பகுதிகளும் தொடர்கின்றன. இந்த மூன்று பகுதிகளின் வடிவத்தையும், ஒவ்வோர் இடத்திலும் எந்த அமினோ அமிலம் எவ்வளவு வாய்ப்போடு வரும் என்னும் புள்ளியியல் மாதிரியாக எழுதிக்கொண்டு, செடியின் மரபணுத்தொகுதியிலிருந்து ஊகிக்கப்பட்ட எல்லாப் புரதங்களோடும் கணினியில் ஒப்பிடுகிறார்கள். கத்தரியில் அப்படி ஒப்பிட வேண்டியவை ஏறத்தாழ 35,000. ஏற்கெனவே தெரிந்த தக்காளி, உருளைக்கிழங்கு வரிசைகளை வைத்து நேரடியாக ஒத்துப் பார்ப்பதும் உடன் நடக்கும். இரண்டிலும் தேறியவற்றில், செம்புப் பகுதி அறுந்துபோனவையும் நடுவில் நிறுத்தக் குறி விழுந்தவையும் கழிக்கப்பட்டு, மிஞ்சியவை குடும்ப உறுப்பினர்களாகப் பட்டியலேறுகின்றன.

நடைமுறையில் சிக்கல் தேடலில் இல்லை, தேடப்படும் மரபணுத்தொகுதியின் தரத்தில் இருக்கிறது. தக்காளியை எடுத்துக்கொள்வோம். மரபணுத்தொகுதி எதுவும் கையில் இல்லாத 1993இலேயே, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், தக்காளியின் ஏழு பாலிஃபீனால் ஆக்சிடேஸ் மரபணுக்கள் எட்டாவது குரோமோசோமில் 1,65,000 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்குள் நெருங்கி அமைந்திருப்பதைக் கண்டார்கள். ஒன்றின் நகலாக மற்றொன்று பக்கத்திலேயே உருவாகி, காலப்போக்கில் சிறிது சிறிதாக வேறுபட்டவை அவை. இப்படி அடுத்தடுத்து நிற்கும், ஏறக்குறைய ஒரே எழுத்துகளைக் கொண்ட நகல்களைக் குறுகிய துண்டுகளாகப் படித்து ஒட்டும் பழைய வரிசையாக்க முறை பல நேரம் ஒன்றாகவே கருதி மடித்துவிடும். நீண்ட துண்டுகளைப் படிக்கும் இன்றைய கருவிகள் அவற்றைப் பிரித்துக் காட்டும். ஆகவே ஒரே செடியில் ஒரு குடும்பத்தின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறுவது உயிரியலின் மாற்றமாகாது, கருவியின் மாற்றம். கத்தரியில் ஆறு பத்தானதை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அக்ரூட் எனப்படும் வால்நட் நல்ல சான்று. வால்நட்டில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் மரபணு ஒன்றே ஒன்றுதான் என்று ஆய்வாளர்கள் கருதியிருந்தார்கள். அந்த ஒன்றை அடக்கினால் என்ன நடக்கும் என்று 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது: நோய்க்கிருமி எதுவும் தாக்காமலேயே இலைகளில் செல்கள் செத்துப் புள்ளிகள் தோன்றின. டைரமின் என்னும் பொருள் செடிக்குள் தேங்கியதை அதற்குத் தொடர்பாகக் கண்டார்கள். வெட்டுக் காயத்தில் மட்டும் வேலை செய்வதாக நினைத்த நொதிக்குச் செடியின் அன்றாட வளர்சிதை மாற்றத்திலும் பங்குண்டு என்பது அதிலிருந்து தெரிந்தது. பிறகு 2016இல் வால்நட்டின் மரபணுத்தொகுதி வெளியானபோது, அதுவரை யாரும் அறியாத இரண்டாவது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் மரபணு ஒன்று அதில் இருந்தது. முந்தைய முடிவுகள் பொய்யாகிவிடவில்லை. ஆனால் ‘ஒரே மரபணு’ என்ற அடித்தளத்தில் நின்று சொன்னவற்றை மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

பட்டியல் கிடைத்ததும் அடுத்த கேள்வி, அது எவ்வாறு உருவானது என்பது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அப்போது மரபணுத்தொகுதி தெரிந்திருந்த தாவரங்களையும் பச்சைப் பாசிகளையும் சேர்த்துப் பார்த்தது. இந்த நொதி உள்ள நிலத்தாவரங்களில் குடும்பத்தின் அளவு ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை வேறுபட்டது. பெரிய குடும்பங்களுள் ஒன்று, பெரிய மரம் எதிலும் இல்லாமல், ஃபிஸ்கோமிட்ரெல்லா என்னும் சிறு பாசியினத் தாவரத்தில் இருந்தது. பரிணாமத்தில் உயர உயர மரபணுக்கள் பெருகும் என்று எண்ணுபவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். குடும்பம் பெருகியது ஒரு பொது மூதாதையிடத்தில் ஒரே முறையாக நடந்ததாகவும் தெரியவில்லை. சோயாவில் தனியாக, பாப்லர் மரத்தில் தனியாக, பாசியினத்தில் தனியாக என்று அந்தந்தக் கிளையில் நடந்திருக்கிறது.

அதே ஆய்வில் இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அராபிடாப்சிஸ் பேரினத்தில் இந்த நொதிக்கு மரபணுவே இல்லை. அராபிடாப்சிஸ் தாலியானா என்னும் கடுகுக் குடும்பச் செடி, 2000ஆம் ஆண்டில் முழு மரபணுத்தொகுதியும் படிக்கப்பட்ட முதல் தாவரம். உலகெங்கும் தாவர ஆய்வகங்களின் மாதிரிச் செடி. தாவர மரபணு ஒன்றின் வேலை என்ன என்று கேட்டால் முதலில் அராபிடாப்சிஸில் அதை அழித்துப் பார்ப்பதுதான் வழக்கம். அந்த வழக்கம் இந்த நொதிக்குச் செல்லாது. பிறவற்றைவிடப் பாலிஃபீனால் ஆக்சிடேஸின் உயிரியல் பணி பற்றிய அறிவு மெதுவாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மேலும், ஒரு செடி இந்த நொதி முழுவதையும் இழந்தும் செவ்வையாக வாழ்கிறது என்றால், வால்நட்டில் ஒன்றை அடக்கியதும் செல்கள் சாவதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு நொதியின் இன்றியமையாமை அது இயங்கும் செடியின் வேதியியலைப் பொறுத்தது என்பதைத் தவிர எளிய விடையில்லை.

நகல்கள் உருவான பிறகு அவற்றின் கதி மூன்று விதமாக அமையலாம். சில நகல்கள் பழைய வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சில சிதைந்து போகின்றன. அரிதாகச் சில புது வேலை பெறுகின்றன. புது வேலைக்குச் சிறந்த உதாரணம் ஸ்னாப்டிராகன் பூ. அதன் மஞ்சள் நிறத்தை உருவாக்கும் ஆரூசிடின் சின்தேஸ் என்னும் நொதி பாலிஃபீனால் ஆக்சிடேஸ் குடும்பத்தைச் சேர்ந்ததென்று 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கணிகத்துக்குச் செல்ல வேண்டிய புரதம் அங்கே சாற்றுப்பைக்குச் செல்கிறது. கறையை உண்டாக்கும் குடும்பத்தின் உறுப்பினர் பூவுக்கு நிறமூட்டுகிறது. மரபணு வரிசையின் முன்பகுதியில் இருக்கும், புரதம் எங்கே செல்ல வேண்டும் என்று குறிக்கும் சிறு பகுதியைக் குடும்ப ஆய்வுகள் தவறாமல் சோதிப்பது இதனால்தான்.

சிதைவுக்கு உதாரணம் நெல். நெல்மணிகளை ஃபீனால் கரைசலில் ஊறவைத்தால் சில வகைகள் கருமையாகும், சில நிறம் மாறாது. விதைப் பரிசோதனைக் கூடங்களில் வகையை அடையாளம் காண இன்றும் இந்தச் சோதனை உண்டு. கருப்பவை பெரும்பாலும் நம் பகுதியில் பயிராகும் இண்டிகா வகைகள், கருக்காதவை ஜப்பானிகா. இந்த வேறுபாட்டுக்கு அடியில் இருப்பது ஒரு பாலிஃபீனால் ஆக்சிடேஸ் மரபணுதான் என்று 2008இல் தெரிந்தது. ஜப்பானிகா வகைகளில் அது வெவ்வேறு இடங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வெட்டுகளாலும் செருகல்களாலும் பழுதாகியிருந்தது. ஒரே மரபணு பல முறை தனித்தனியே செயலிழந்து, அந்தச் செயலிழப்பு பரவியும் இருக்கிறது என்றால், சேமித்த அரிசி நிறம் மாறாமல் இருப்பதை விரும்பிய உழவர்களின் தேர்வு அதற்குப் பின்னால் இருந்திருக்கும் என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம். கோதுமையிலும் இதுவே விலைக்குரிய விஷயம். சப்பாத்தி மாவும் நூடுல்ஸும் வைக்க வைக்கக் கருமை தட்டுவது இரண்டாம் குரோமோசோம் தொகுதியிலுள்ள இந்த மரபணுக்களால்தான். கருக்காத வகைகளைத் தேர்ந்தெடுக்க மரபணுக் குறியீடுகளே புழக்கத்தில் உள்ளன. தேயிலைக்காரருக்கோ நேர்மாறான தேவை. நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்தை வாட்டி, நசுக்கி, விரித்து வைப்பதெல்லாம் இந்த நொதி கேட்டச்சின் என்னும் ஃபீனால்களைத் தியாஃபிளேவின் என்னும் நிறமியாக மாற்றிக் கறுப்புத் தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் தர வேண்டும் என்பதற்காகவே.

மரபணுக் குடும்ப ஆய்வுகளில் வழக்கமாக இடம்பெறும் மற்றொரு பகுதியைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னாலுள்ள 2,000 எழுத்துகளை எடுத்து, அதில் எந்தெந்தக் கட்டுப்பாட்டுக் குறிகள் இருக்கின்றன என்று தேடி, ‘இது வறட்சிக்கு எதிர்வினை தரும், இது காயத்துக்கு, இது ஒளிக்கு’ என்று வண்ணப்படம் வரைவார்கள். இந்தக் குறிகளில் பல ஆறெழுத்து நீளமே உள்ளவை. நான்கு எழுத்துகள் மட்டுமே கொண்ட டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஆறெழுத்துச் சொல் ஒன்று தற்செயலாக 4,096 இடங்களுக்கு ஒருமுறை வரும். 2,000 எழுத்துகளை இரு இழைகளிலும் தேடினால் ஏறத்தாழ 4,000 இடங்கள். அதாவது எந்த அர்த்தமும் இல்லாமலேயே ஒவ்வொரு குறியும் ஏறக்குறைய ஒருமுறை கிடைத்துவிடும். நூறு குறிகளைத் தேடினால் நூறு ‘கண்டுபிடிப்புகள்’. தற்செயலுக்கு மேல் எவ்வளவு என்று கணக்கிடாத பட்டியலை வாசகர் தயங்காமல் கடந்து செல்லலாம்.

இந்தப் பகுதியும் வம்சாவளி மரமும் குரோமோசோம் படமும் சேர்ந்தால் கணினியை மட்டும் வைத்து ஓர் ஆய்வுக்கட்டுரை முடிந்துவிடும். மரபணுத்தொகுதி வெளியான ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு நொதிக் குடும்பத்துக்கும் ஒரு கட்டுரை என்று இவை குவிந்திருக்கின்றன. செடியின் பெயரையும் நொதியின் பெயரையும் மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும் அளவுக்கு ஒத்த சாயல். பரிசோதனை எதுவுமில்லாத வெறும் விவரிப்பை ஏற்பதில்லை என்று சில ஆய்விதழ்கள் அறிவித்ததற்குக் காரணமும் இதுவே. ஆனால் பட்டியலே வீண் என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. பட்டியல் எந்தக் கேள்வியோடு தொடங்கியது என்பதில்தான் வேறுபாடு.

கத்தரி ஆய்வு தெளிவான கேள்வியோடு தொடங்கியது. பத்து மரபணுக்களும் தெரிந்ததும், காயை வெட்டிய பின் எவை அதிகம் படியெடுக்கப்படுகின்றன என்று சதையிலேயே அளந்தார்கள். நான்காம், ஐந்தாம், ஆறாம் எண் கொண்ட மரபணுக்கள் முன்னால் நின்றன. மூன்றையும் தனித்தனியே தாக்காமல், மூன்றிலும் மாறாமல் இருக்கும் ஒரு பொதுப் பகுதியை, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கருவிக்கு இலக்காகத் தேர்ந்தார்கள். குடும்பப் பட்டியலின் பயன் இந்த இடத்தில்தான் முழுதாகத் தெரிகிறது. பத்து வரிசைகளையும் அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் எந்தப் பகுதி மூன்றுக்கும் பொது, எது மற்ற ஏழிலிருந்து வேறுபடுகிறது என்று சொல்ல முடியும். அடுக்காமல் தேர்ந்தால் தொட வேண்டாதவற்றையும் வெட்டிவிடும் ஆபத்து உண்டு. திருத்தப்பட்ட மாற்றங்கள் அடுத்த இரண்டு தலைமுறைகளுக்கும் நிலையாகக் கடந்தன. நொதியின் செயலும் வெட்டிய சதையின் பழுப்பும் குறைந்தன.

உருளைக்கிழங்கிலும் வழி இதுவே. அதன் மரபணுத்தொகுதியில் ஒன்பது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் மரபணுக்கள் உள்ளன. அர்ஜென்டினாவில் 2020இல் வெளியான ஆய்வில் அவற்றுள் இரண்டாவதை மட்டும், டிசைரே என்னும் வகையில், நான்கு பிரதிகளிலும் கிரிஸ்பரால் வெட்டியபோது, கிழங்கில் நொதியின் செயல் 69 விழுக்காடு வரையும் பழுப்பேறுதல் 73 விழுக்காடு வரையும் குறைந்தன. ஒன்பதில் ஒன்றே கிழங்கின் கறைக்குப் பெரும்பங்கு தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கனடாவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று உருவாக்கிய, வெட்டினாலும் கறுக்காத ஆர்க்டிக் ஆப்பிள் இதற்கு முந்தைய தலைமுறை நுட்பத்தைச் சேர்ந்தது. அதில் நான்கு மரபணுக்களை, மரபணுவை வெட்டாமல் அதன் செய்திப்படியை அழிக்கும் ஆர்என்ஏ இடையீட்டால் ஒடுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் 2015இல் அதற்கு அனுமதி தந்தன.

பயிர் முழுவதிலும் நொதியை ஒடுக்குவதற்கும் காயில் வேலை செய்யும் உறுப்பினரை மட்டும் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. தக்காளியில் இந்த நொதியை ஒட்டுமொத்தமாகக் குறைத்தபோது செடிகள் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு எளிதில் இரையாயின. நொதியை மிகைப்படுத்தியபோது அதே நோயை எதிர்த்து நின்றன. குவினோன்கள் கிருமிகளுக்கு நஞ்சு; புழு கடித்த இலையில் புரதங்களோடு பிணைந்து அவற்றைச் செரிக்க இயலாதவையாகவும் மாற்றுகின்றன. காயின் அழகுக்காக இலையின் காவலை இழப்பது உழவருக்குக் கட்டுப்படியாகாது.

ஒரு குடும்பத்தில் சரியான உறுப்பினரைத் தேர்வது இந்த நொதியோடு நிற்பதன்று. நெல்லில் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சிதைக்கும் நொதிக்குப் பதினொரு மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் இரண்டாம் எண் கொண்டதன் செயல் குறைந்தால் கதிரில் மணிகள் கூடும் என்பது 2005இல் ஜப்பானில் கண்டது. 2025 மே மாதம் இந்திய அரசு அறிவித்த, மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் வகைகளுள் ஒன்றான டிஆர்ஆர் தான் 100, சம்பா மசூரியில் அந்த மரபணுவைத் திருத்தி ஹைதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. வெளி மரபணு இல்லாத இவ்வகைத் திருத்தங்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான உயிரிப்பாதுகாப்பு விதிகளில் சிலவற்றிலிருந்து 2022இல் விலக்கு அளிக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில், பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய பிடி கத்தரிக்கு இடைக்காலத் தடை வந்த நாட்டில், கறுக்காத கத்தரியை யாரேனும் முன்வைத்தால் அது மரபணு மாற்றப் பயிர்களுக்கான முழு விதிகளின் கீழ் வருமா, 2022 விலக்கின் கீழ் வருமா என்பது, கிரிஸ்பரைச் செலுத்தப் பயன்பட்ட மரபணுக்கள் இறுதிச் செடியிலிருந்து முழுதாக நீக்கப்பட்டுள்ளனவா என்பதைப் பொறுத்தது. அந்தச் சட்டக் கேள்விக்கு முன்பே வயலில் சோதிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மூன்று மரபணுக்களை இழந்த செடியின் இலையையும் வேரையும், பாக்டீரியா வாடல் நோய்க்கும் தண்டுத் துளைப்பானுக்கும் எதிராக, மீதமுள்ள ஏழும் காக்கின்றனவா என்பது.